உப்புக் காற்றுக்கு ஒரு வெள்ளை வேலி

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வேலிக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன்.

ஆமாம்... வேலிக்குத்தான். ஒரு சாஷே ஷாம்பு, ஒரு பழைய பனியன், அரை பக்கெட் தண்ணீர். முதலில் மேல் கம்பு, அப்புறம் அதற்குக் கீழே உள்ளவை, கடைசியில் தூண்கள். துணியை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கறுப்பெல்லாம் கையோடு வந்துவிடுகிறது. அடியில் பளீரென்று வெள்ளை.

கூடையோடு அந்தப் பக்கம் போன மீன்காரக் கன்னியம்மா நின்றுவிட்டார். "இன்னாம்மா இது, வேலிக்குத் தலைக்கு ஊத்திகினு கீற? இன்னிக்கு இன்னா விசேசம்?" என்று கேட்டார். மனுஷனுக்கே லாரித் தண்ணீர் வந்தால்தான் உண்டு என்கிற ஊரில் ஒருத்தி வேலிக்குக் குளியல் நடத்தினால் கேட்கத்தானே செய்வார்கள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். வாரா வாரம் என் வீட்டுக் கதையெல்லாம் உங்களிடம்தானே கொட்டுகிறேன்... இதை மட்டும் விட்டுவைப்பானேன்?

எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையை ஒட்டி இருக்கிறது. வாசலில் கொஞ்சம் மணல் தரை. அதைத் தாண்டினால் ரோடு. ரோட்டைத் தாண்டினால், கடல் ஊரை அரித்துவிடாமல் இருக்கக் கொட்டி வைத்த கருங்கற்கள். அதற்கப்புறம் கடல்தான். துறைமுகத்துக்குள் போக இடம் கிடைக்காத கப்பல்கள் தூரத்தில் காத்துக்கொண்டு நிற்கும். காலை மூட்டத்தில் அவை தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்தில் நிற்கின்றனவா என்றே தெரியாது. குழம்பைக் கிளறிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன். நேற்று பார்த்த கப்பல் இருக்காது. வேறொன்று நிற்கும். அது எப்போது போயிற்று, இது எப்போது வந்தது... ஒரு சத்தமும் கேட்டிருக்காது.

என் நைனாவும் அப்படித்தான் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

நைனா என்றால் அப்பா. வடசென்னைக்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தில் டக் போட்டில் சுக்கானியாக இருந்தவர். பெரிய கப்பல்களுக்குக் கயிறு போட்டு, இழுத்து, பத்திரமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தும் சின்னக் கப்பல்தான் டக். அதன் சுக்கானைப் பிடிப்பவர் சுக்கானி. ரிட்டயர் ஆகி வெகு காலமாயிற்று. அம்மா போன பிறகு மறதி வந்தது. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினார். அப்புறம் சாப்பிட்டோமா என்று கேட்டார். ஒரு நாள் காபி கொண்டு போன என்னைப் பார்த்து, "நீங்க யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். அடுப்படியில் போய் நின்று அழுதேன். வேறென்ன செய்ய?

எல்லாம் மறந்தது. டூட்டி மட்டும் மறக்கவில்லை.

விடியற்காலையில் எழுந்து காக்கிச் சட்டையை மாட்டிக்கொள்வார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்பார். நாங்கள் கண் விழிப்பதற்குள் ரோட்டில் இறங்கியிருப்பார். எங்கள் ரோடு உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் ரோடு. நிற்கிற வரைக்கும் கவலையில்லை. நகர ஆரம்பித்தால்தான் ஆபத்து. டிரைவர் உட்காரும் உயரத்துக்கு, வண்டியை ஒட்டி நிற்கும் ஆள் கண்ணிலேயே பட மாட்டார்.

ஒரு நாள் காலை, ஒரு டிரெய்லர் டிரைவர் நைனாவைத் தன் கேபினில் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டார். இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, கையை ஆட்டி, பின்னால் வா, பின்னால் வா என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். கப்பலை உள்ளே கொண்டுவருகிற நினைப்பு போலும். அந்த டிரைவர் நல்ல மனுஷன், இறங்கி வந்து பார்த்திருக்கிறார். அடுத்தவர் பார்க்காமல் போனால்? அந்தக் கேள்வியோடுதான் அந்த வருஷம் முழுக்கப் படுத்தேன், எழுந்தேன்.

கதவைப் பூட்டிப் பார்த்தோம். பூட்டுக்கு அந்தப் பக்கமிருந்து கொஞ்ச நேரம் தட்டினார். அப்புறம், "நான் இன்னா தப்பு பண்ணேன்? என்னெ ஏன் பூட்டி வெச்சிக்கீறீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். குரல் உடைந்து கேட்டார். மனசு கேட்கவில்லை, திறந்துவிட்டேன். டாக்டரும் அதையேதான் சொன்னார். அடைத்து வைத்தால் இன்னும் மோசமாகும், கண்ணுக்குப் பழகியதைப் பார்த்துக்கொண்டு வெளிக்காற்றில் இருக்கட்டும், ஆனால் ரோட்டுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சொல்வது சுலபம்.

வாசலில் வேலி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அப்படி ஒன்று இருந்ததாக ஞாபகம். இரும்பு ஆங்கிளும் கம்பி வலையும் போட்டு, பச்சை பெயின்ட் அடித்த வேலி. எங்கள் பக்கத்துக் காற்று இரும்பைத் தின்னும். உப்பு ஒரு பக்கம், பேக்டரிப் புகை ஒரு பக்கம். வருஷா வருஷம் பெயின்ட் அடித்தும் அது உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து, தொட்டால் பொறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கேட்டின் தாழ்ப்பாள் ஒரு நாள் என் கையோடு வந்துவிட்டது. இந்த லட்சணத்தில் இருந்த வேலி யாரைத் தடுக்கும்?

சுவர் எழுப்பிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நைனா உயரத்துக்குச் சுவர், இரும்புக் கதவு, முடிந்தது விஷயம். எனக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் அந்த வாரம் பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு எங்கள் வாசலையும் சேர்த்துத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். நைனாவின் நாற்காலியிலிருந்து பார்த்தால் கடல் தெரியவில்லை. அன்று முழுக்க அவர் உட்காரவே இல்லை. தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு பயம். சாயங்காலம் பாயை அவிழ்த்த பிறகுதான் ஒரு வாய் காபி குடித்தார். சுவர் யோசனை அதோடு போயிற்று.

ஆக எங்களுக்குத் தேவைப்பட்டது என்ன? கடல் தெரிய வேண்டும். ரோட்டுக்குப் போக முடியக் கூடாது. ஜெயில் மாதிரி இருக்கக் கூடாது. துருப்பிடிக்கக் கூடாது. இப்படி ஒரு வேலி உலகத்தில் உண்டா?

இரண்டு வீடு தள்ளி இருக்கும் அந்தோணி அண்ணனிடம் கேட்டோம். ராயபுரத்தில் கப்பல் ரிப்பேர் பட்டறையில் பிட்டர். எங்கள் தெருவில் எது உடைந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம். சவுக்குக் கட்டை நட்டால் கரையான் விடாது, மூங்கில் தட்டி கட்டினால் அடுத்த புயலுக்குக் காசிமேட்டில் போய்ப் பொறுக்க வேண்டும் என்றார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமே என்று நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தங்கச்சி, நீ இன்னிக்கு நட்டா நாளைக்கு அது காயலாங்கடைல கெடக்கும்" என்றார். என் ஊரைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் சொன்னதை மறுக்கவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் வினைல் வேலி என்று ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். வினைல் என்றால் வேறொன்றுமில்லை, பாத்ரூமுக்குப் போடுகிறோமே பி.வி.சி. கதவு, அதற்குப் பெரியப்பா பிள்ளை. பாத்ரூம் கதவு சமாசாரத்திலா வேலி போடுவது என்று நான் சிரித்தேன். துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, பெயின்ட் வேண்டாம் என்று அடுக்கினார். அந்தோணி அண்ணன் யோசித்துவிட்டு, எடைக்குப் போட்டால் எவனும் வாங்க மாட்டான், அது ஒன்றே போதும் என்று தீர்ப்புச் சொன்னார். மூன்று பேருமாக பஸ் ஏறிப் போனோம்.

கடைக்காரர் ஒரு பெரிய கேட்லாக்கை விரித்தார். எல்லாப் படத்திலும் பச்சைப் புல்வெளி, ஓடுகிற நாய், நீல வானம், நடுவே பால் வெள்ளை வேலி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி மயக்கமாக இருந்தது. அந்த வெள்ளைக்குப் பின்னால் எங்கள் மணல் தரையை, நைனாவின் நாற்காலியை, காத்து நிற்கும் கப்பல்களை வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார்.

பலகை பலகையாக முழுசாக மூடும் ரகம் ஒன்று இருந்தது. அது கடலை மறைக்கும். தவிர, எங்கள் காற்றுக்கு அது கப்பல் பாய் ஆகிவிடும். மேலே கூராகச் செதுக்கிய ரகம் பார்க்க அழகு. ஆனால் நைனா சாய்ந்து நிற்கிறவர், கையில் குத்தும். கடைசியில், குறுக்காக நான்கு வரிசைக் கம்பு ஓடுகிற ரகத்தைத் தேர்ந்தெடுத்தோம். நெஞ்சு உயரம். கம்புகளுக்கு நடுவே ஆள் நுழைய முடியாது, காற்று தாராளமாக நுழையும், கடல் முழுசாகத் தெரியும். மேல் கம்பு மட்டும் கொஞ்சம் அகலமாக, முனை மழுங்கி, கைக்கு வாகாக இருந்தது.

அப்புறம் கலர். கரித்தூள் தெரியாமல் இருக்கச் சாம்பல் நிறம் எடுக்கலாம் என்றார் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் வெள்ளை வேட்டி கொடியில் காயப் போட்டால் சாயங்காலம் அது வெள்ளையா என்று சந்தேகம் வரும். ஆனால் சாம்பல், பழுப்பு எல்லாம் வெயிலை அதிகம் இழுக்கும், சூட்டில் வளையும், வெள்ளைதான் நல்லது என்றார் கடைக்காரர். வெயில் தாங்குகிற மாதிரி மருந்து கலந்த சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சளாகி வெடித்துவிடும் என்றும் சொன்னார். எங்கள் தரை மணல் என்பதால் தூணுக்கு ஆழமாகக் குழி வெட்டி, உள்ளே கம்பி நிறுத்திக் கான்கிரீட் ஊற்றச் சொன்னார். கேட்டுக்கு வரும் ஸ்க்ரூவெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், அதை யாரும் கழற்றிக்கொண்டு போக மாட்டார்கள் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். தூணில் கம்பு சொருகும் இடத்தில் உள்ளே ஒரு விரல் இடைவெளி விடுங்கள், வெயிலில் இது நீளும், அதற்கு இடம் வேண்டும் என்றார்.

நாங்கள் தலையாட்டினோம். அந்தோணி அண்ணன் ஆட்டவில்லை.

பொங்கல் முடிந்து, காற்று இன்னும் குளுகுளுவென்று இருந்த நாட்களில் வேலை நடந்தது. அண்ணனும் அவருடைய பட்டறைத் தோஸ்துகளும் சேர்ந்து செய்தார்கள். அவர்களுடைய பழக்கம் என்னவென்றால், எதைப் பொருத்தினாலும் கையால் பிடித்து உலுக்கிப் பார்ப்பார்கள். கொஞ்சம் அசைந்தாலும் அவிழ்த்துத் திரும்பச் செய்வார்கள். கப்பல் வேலை அப்படி. ஒரு போல்ட் லூஸ் என்றால் ஒரு ஆள் தண்ணீரில். ஆட்டம் என்கிற வார்த்தை அவர்களுக்கு ஆகாது. ஒரு விரல் இடைவெளி விட்டால் கம்பு கடகடவென்று ஆடாதா? கடைக்காரன் வேலை தெரியாதவன் என்று முடிவு கட்டினார்கள். ஒவ்வொரு கம்பையும் தூணுக்குள் கடைசி வரை அடித்து இறக்கி, பி.வி.சி. பசை ஊற்றி, போதாததற்கு நீள ஸ்க்ரூவும் முடுக்கினார்கள். நாங்களும் ஆகா ஓகோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் இரண்டு கையாலும் வேலியைப் பிடித்து உலுக்கினார். அவர் உடம்புதான் ஆடியது, வேலி ஆடவில்லை.

கேட்டின் தாழ்ப்பாளை வெளிப்பக்கம், கீழே, நைனாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்கள். நான் சாமிக்கு ஒரு கற்பூரம் ஏற்றினேன்.

மறுநாள் விடியற்காலை. நைனா காக்கிச் சட்டையோடு வெளியே வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். கேட்டைத் தேடுவார், கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெல்ல நடந்து போய், அந்த மேல் கம்பில் கையை வைத்தார். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிக்கொண்டே நடந்தார். அப்புறம் நடுவில் வந்து, இரண்டு கையையும் ஊன்றி, கடலைப் பார்த்து நின்றார். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. ரோட்டில் வண்டிகள் இல்லாத நேரம். எனக்குப் பின்னாலிருந்து பார்க்க, வெள்ளைக் கம்பு, அதற்கு மேலே கடல், நடுவில் நைனா... அவ்வளவுதான் தெரிந்தது. ரோடே தெரியவில்லை.

வெகு நேரம் கழித்துத் திரும்பி, கப்பலில் டீ கொடுக்க மாட்டார்களா என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வேலியைப் பார்க்கவில்லை. கப்பலின் கைப்பிடியைப் பார்க்கிறார். எங்கள் வாசல் அவருக்கு டெக். இனி ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அவர் டூட்டியில்தான் இருக்கிறார். ஓடும் கப்பலிலிருந்து யாராவது வெளியே நடந்து போவார்களா?

அன்றிலிருந்து வீடு மாறிப்போனது. நைனா காலையில் போய் நிற்பார். வெயில் ஏறினால் நாற்காலியை நிழலுக்கு இழுத்துக்கொள்வார். சாயங்காலம் மறுபடி கைப்பிடிக்குப் போவார். நான் வேலையெல்லாம் முடித்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நிற்பேன். இருட்டிய பிறகு காத்திருக்கும் கப்பல்களில் விளக்கு வைப்பார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால், நகர்வது அவையா, நாமா என்று குழம்பிவிடும். சில நாள் எனக்கே காலுக்கடியில் தரை மிதக்கிற மாதிரி இருக்கும். உள்ளே குக்கர் விசில் அடிக்கும்போதுதான் கரைக்கு வருவேன்.

மே மாதம் வந்தது. கத்திரி வெயில்.

மத்தியானங்களில் வேலியிலிருந்து டொக், டொக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. கம்புகள் லேசாக வெளிப்பக்கம் வளைந்த மாதிரி தெரிந்தது. வெயிலில் என் கண்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தேன். கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்ததா? வரவே இல்லை. அந்தக் கோடையில் எங்களுக்கு இருந்த ஒரே நினைப்பு தண்ணீர்தான்.

தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் ஓட வேண்டும். அன்று மத்தியானம், தெரு முனையில் லாரி வந்துவிட்டது என்று குரல் கேட்டது. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நைனா நிழலில் நாற்காலியில் கண்மூடியிருந்தார். வேலி இருக்கிறதே என்கிற தைரியத்தில் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரிசையில் நிற்கும்போது டமாரென்று ஒரு சத்தம். ஏதோ டிரெய்லரின் டயர் வெடித்தது என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றுமாகக் குடங்களோடு திரும்பினேன். வீட்டைச் சுற்றி வாசலுக்கு வந்தால்... வேலியின் நடுப்பகுதியைக் காணோம். இரண்டு தூணுக்கு நடுவே நான்கு கம்புகளும் பிய்த்துக்கொண்டு மணலில் கிடந்தன. நாற்காலி காலி. அந்த இடைவெளிக்கு அப்பால் ஒரு டிரெய்லர் நகர்ந்துகொண்டிருந்தது.

இடுப்புக் குடம் எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கால் மட்டும் நனைந்திருந்தது. நைனா என்று கத்தினேனா, கத்த நினைத்தேனா என்றும் தெரியாது. டிரெய்லர் முழுசாகத் தாண்டிப் போன பிறகுதான் அதன் சக்கரங்களிலிருந்து கண்ணை எடுக்க முடிந்தது. அப்போதுதான் அவரைப் பார்த்தேன்.

இடைவெளியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை தூணைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. இன்னொரு கையைக் குறுக்கே நீட்டி, வழியை மறித்துக்கொண்டிருந்தார். முதுகு ரோட்டுப் பக்கம், முகம் வீட்டுப் பக்கம். சட்டை முழுக்க வேர்வை. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ, நீட்டிய கையை இறக்கவில்லை.

நான் ஓடி வருவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இந்தாண்ட வராத. கைப்பிடி போய்ட்ச்சு. கால் வெச்சா தண்ணிதான்."

நான் நிற்காமல் கிட்டே போனேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

"பாப்பா... உனக்கு நீச்சல் தெரியாதும்மா. தள்ளி நில்லு."

பாப்பா என்பது நான்தான். சின்ன வயதிலிருந்து அவர் என்னைக் கூப்பிடும் பெயர். அதைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. இனி கேட்கவே மாட்டேன் என்று நினைத்திருந்தேன். அவர் ரோட்டுக்குப் போய்விடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவரோ, நான் கடலில் விழுந்துவிடுவேன் என்று காவல் நின்றிருக்கிறார். அந்த வெயிலில், மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் கையை நீட்டியபடியே, அழாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சாயங்காலம் அந்தோணி அண்ணன் வந்தார். கிடந்த கம்புகளைத் தூக்கிப் பார்த்தார், தூணைப் பார்த்தார். கடைக்காரன் சொன்னதைத் தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றார். நாங்கள் மட்டும் போட்டுக்கொண்டோமா என்ன? இழுத்துப் பிடிப்பதுதான் பத்திரம் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

அடுத்த ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, எல்லாக் கம்பையும் அவிழ்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு விரல் அளவு அறுத்துக் குறைத்தார். பசை இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. தூணுக்குள் நுழைந்து, வெளியே வராமல் ஒரு சின்னக் காடிப் பள்ளத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி மட்டும் விட்டார். முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் கையால் உலுக்கினார். கடகடவென்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"மனசு ஒப்பல தங்கச்சி" என்றார்.

அப்போது நைனா வந்து மேல் கம்பில் கையை வைத்தார். ரோட்டில் ஒரு டிரெய்லர் நகர ஆரம்பித்தது. அது போகப் போகத் தரை அதிர்ந்தது. வேலியும் மெல்லிசாக, ஒரே சீராக அதிர்ந்தது. முன்பு இறுக்கி வைத்திருந்தபோது இந்த அதிர்வு இல்லை. நைனா தலையைச் சாய்த்து, கையில் எதையோ கேட்கிற மாதிரி நின்றார். அப்புறம் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அம்மா இருந்தபோது பார்த்தது.

"இஞ்சினு ஓடுது" என்றார்.

அந்தோணி அண்ணனும் கம்பின் மேல் மெதுவாகக் கையை வைத்தார். நானும் வைத்தேன். அடுத்த வண்டி வரும்வரை மூன்று பேரும் அப்படியே நின்றோம்.

கடலோரத்தில் வீடு கட்டியிருக்கும் வாசகர்கள் சிலர், என்ன வேலி போடலாம் என்று அவ்வப்போது கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான். வெள்ளையாகப் போடுங்கள், காற்றுக்கு வழி விடுங்கள், ஆழமாக நடுங்கள். கடைக்காரர் ஒரு விரல் இடம் விடச் சொன்னால் விட்டுவிடுங்கள். ஆடினால் ஆடட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கன்னியம்மா போன பிறகு, மிச்சமிருந்த கடைசித் தூணைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நாற்காலியிலிருந்து நைனாவின் குரல் வந்தது. "தண்ணிய பாத்து ஊத்து பாப்பா. கரைக்குப் போவ இன்னும் நாளாவும்" என்றார்.

சரி நைனா என்றேன். எனக்கும் ஒன்றும் அவசரமில்லை.